புடவைக்கு ஒரு நியாயம், சுவருக்கு ஒரு நியாயமா?

தி.நகர் ஆகட்டும், மதுரை விளக்குத்தூண் ஆகட்டும், ஏதாவது ஒரு ஜவுளிக்கடை வாசலில் பத்து நிமிடம் நின்று பாருங்கள். உள்ளே முப்பது புடவைகளைப் பிரித்துப் போட்டு, அதில் இரண்டை மட்டும் ஒதுக்கி, அந்த இரண்டையும் தூக்கிக்கொண்டு ஒரு அம்மா வாசலுக்கு வருவார். பின்னாலேயே கடைப் பையன் ஓடி வருவான். வெயிலில் முந்தானையை விரித்து, தோளில் போட்டு, கூட வந்த நாத்தனாரிடம் சொல்வார்: "உள்ள பாத்தப்ப அரக்கு மாதிரி இருந்துச்சு. இப்ப பாருங்க, செங்கல் கலரா இருக்கு." அந்தப் புடவை உள்ளே திரும்பிப் போய்விடும்.

அவருக்கு யாரும் வண்ண அறிவியல் சொல்லிக் கொடுக்கவில்லை. ஒரு விளக்குக்குக் கீழே ஒன்றுபோலத் தெரியும் இரண்டு நிறங்கள் வேறு விளக்குக்குக் கீழே வேறு வேறாகத் தெரியலாம் என்பதற்கு அறிவியலில் 'மெட்டாமெரிசம்' என்று பெயர். அந்தப் பெயர் அவருக்குத் தெரியாது. ஆனால் விஷயம் தெரியும். கடை விளக்கை நம்பக் கூடாது என்று அவருடைய அம்மாவும் அவருடைய பாட்டியும் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

இப்போது அதே அம்மாவின் வீட்டுக்கு வருவோம். மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்க வேண்டும். பெயிண்டிங் மேஸ்திரி ஷேடு கார்டை நீட்டுகிறார். வீட்டுக்காரர் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, தபால்தலை அளவுக் கட்டங்களை ஒரு தடவை மேலிருந்து கீழே பார்க்கிறார். "எதுக்கு வம்பு, ஐவரி அடிச்சிடுப்பா." முடிந்தது. மொத்தம் அரை நிமிடம். வீட்டில் வெளியூரில் வேலை பார்க்கும் பையன் இருந்தால் கதை கொஞ்சம் மாறும். அவன் போனில் ஒரு படம் அனுப்புவான். சாம்பல் சுவர், சாம்பல் சோபா, மூலையில் ஒரு செடி. "இதுதான்பா இப்ப ட்ரெண்டு." வீடு முழுக்க சாம்பல் ஆகிவிடும்.

அந்த அம்மாவைக் கேட்டார்களா? கேட்டார்கள். எல்லாம் முடிவான பிறகு, "உனக்கு ஓகேதானே?" என்று கேட்டார்கள்.

ஐந்நூறு ரூபாய் புடவைக்கு வெயில் தேவைப்பட்டது. பிடிக்காவிட்டால் அந்தப் புடவையை யாருக்காவது கொடுத்துவிடலாம், பீரோவில் மடித்து வைத்துவிடலாம். எட்டு வருடமோ பத்து வருடமோ நாள் முழுக்கக் கண்ணெதிரே நிற்கப்போகும் சுவருக்கு அரை நிமிடம் போதுமாம். அதுவும் அந்தச் சுவர்களுக்கு நடுவே அதிக நேரம் இருக்கப்போகிறவர் வாய் திறக்காமலே. இது என்ன நியாயம்?

"ஐவரிதானே, அதுல என்ன தப்பு வந்துடப் போகுது?" என்று கேட்பவர்களுக்குத்தான் இந்தக் கட்டுரை. தப்பு வரும். அதில்தான் அதிகமாக வரும்.

கருஞ்சிவப்பு அடித்தால் அது எந்த வெளிச்சத்திலும் சிவப்பாகத்தான் இருக்கும். பிடிக்கும், அல்லது பிடிக்காது. ஆனால் ஐவரி, க்ரீம், சந்தனம், பிஸ்கட் கலர் என்று சொல்லப்படும் இந்த வெதுவெதுப்பான வெளிர் நிறங்கள் அப்படி இல்லை. வெள்ளைக்குள் ஒரு துளி மஞ்சள், ஒரு துளி சிவப்பு, ஒரு துளி கறுப்பு, அவ்வளவுதான் அவற்றின் உடம்பு. அந்தத் துளி கொஞ்சம் நகர்ந்தாலும் நிறம் வேறு பக்கம் சாய்ந்துவிடும். மஞ்சளோடு கறுப்பு சேர்ந்தால் பச்சைச் சாயல் வரும் என்பது பள்ளியில் வாட்டர் கலர் குழைத்த எல்லோருக்கும் தெரியும். க்ரீம் அடிக்கச் சொல்லிவிட்டு, காய்ந்த பிறகு "என்னங்க இது, பிஸ்தா மாதிரி இருக்கு" என்று புலம்பும் வீடுகள் ஊருக்கு ஊர் உண்டு. அங்கே மேஸ்திரி ஏமாற்றவில்லை. நிறத்துக்குள் ஏற்கெனவே இருந்த பச்சையை ஜன்னலுக்கு வெளியே இருக்கும் வேப்பமரம் தூண்டிவிட்டிருக்கிறது. சிவப்பு ஆக்சைடு தரை போட்ட பழைய வீடுகளில் நேர் எதிராக நடக்கும். வெயில் தரையில் பட்டு சுவரில் ஏறும்போது அதே க்ரீம் ரோஸ் ஆகிவிடும்.

பக்கத்தில் இருக்கும் நிறம் ஒரு நிறத்தை மாற்றிக் காட்டும் என்பது புதிய கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. பாரிஸில் கோபெலின் என்ற அரசாங்க நெசவுச்சாலையில் சாயப் பிரிவுக்குத் தலைவராக இருந்தவர் மிஷேல் யூஜின் ஷெவ்ரூல் என்ற வேதியியலாளர். கறுப்புச் சாயம் சரியில்லை, வெளுத்துத் தெரிகிறது என்று அவரிடம் புகார் வந்தது. அவர் சாயத்தை ஆராய்ந்து பார்த்தார். சாயத்தில் குற்றமே இல்லை. கறுப்பு நூலுக்குப் பக்கத்தில் நெய்திருந்த மற்ற நிறங்கள்தான் அதை அப்படிக் காட்டின. இதை வைத்து 1839இல் ஒரு பெரிய புத்தகமே எழுதினார். சாயக்காரரைத் திட்டுவதற்கு முன் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்பது அப்போதே தெரிந்துவிட்டது. இங்கே இன்னமும் திட்டு மேஸ்திரிக்குத்தான்.

இன்னொரு கதை இதைவிட சுவாரசியமானது. 2002இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் கார்ல் கிளேஸ்புரூக், ஐவன் பால்ட்ரி என்ற இரண்டு வானியலாளர்கள் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட விண்மீன் மண்டலங்களின் ஒளியைக் கூட்டிச் சராசரி எடுத்து, பிரபஞ்சத்தின் மொத்த நிறம் வெளிர் பச்சை கலந்த நீலம் என்று அறிவித்தார்கள். பத்திரிகைகள் கொண்டாடின. கொஞ்ச நாளில் அவர்களே வந்து தப்பு நடந்துவிட்டது என்றார்கள். கணக்கு போட்ட மென்பொருளில் 'எது வெள்ளை' என்பதற்கான அளவுகோல் தவறாக இருந்ததாம். அதைத் திருத்தியதும் வந்த விடை என்ன தெரியுமா? க்ரீம்! பால் நிறைய ஊற்றிய காபி மாதிரி ஒரு வெளிர் நிறம். அதற்கு 'காஸ்மிக் லாத்தே' என்று பெயரும் வைத்தார்கள். எது வெள்ளை என்பதை முடிவு செய்யாமல் க்ரீமை முடிவு செய்யப் போனால் வானியலாளர்களுக்கே பச்சை வந்துவிடுகிறது. ஹார்டுவேர் கடை ட்யூப்லைட்டுக்குக் கீழே ஷேடு கார்டு பார்ப்பவர்கள் எம்மாத்திரம் :)

வீட்டில் எது வெள்ளை என்பதை முடிவு செய்வது விளக்கு. தமிழ்நாட்டு வீடுகளில் நடந்திருக்கும் பெரிய மாற்றமும் அதுதான், ஆனால் பெயிண்ட் பேச்சில் யாரும் விளக்கைப் பற்றிப் பேசுவதே இல்லை.

பொங்கலுக்கு முன் வீட்டுக்கு வெள்ளையடித்த காலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சுண்ணாம்பை நீற்றி, வடிகட்டி, அதில் கொஞ்சம் நீலம் கலப்பார்கள். வேட்டிக்குப் போடும் அதே நீலம்தான். சுண்ணாம்பின் பழுப்பை அது அடக்கிப் 'பளிச்' வெள்ளையாகக் காட்டும். ஆக சுவர் குளிர்ந்த வெள்ளை. ஆனால் ராத்திரி அந்தச் சுவரில் விழுந்தது எண்ணெய் விளக்கின் ஒளி, பிறகு குண்டு பல்பின் ஒளி. குண்டு பல்பின் வண்ண வெப்பநிலை சுமார் 2700 கெல்வின், நல்ல மஞ்சள். சுவர் நீலம், விளக்கு மஞ்சள், இரண்டும் ஒன்றையொன்று சரிக்கட்டிக்கொண்டன. பழைய வீட்டின் ராத்திரிகள் நினைவில் வெதுவெதுப்பாக இருப்பதற்குப் பாசம் மட்டும் காரணம் இல்லை, பல்பும் ஒரு காரணம்.

இப்போது குண்டு பல்பு ஏறக்குறையப் போய்விட்டது. பெரும்பாலான வீடுகளில் மாட்டியிருப்பது 'கூல் டே லைட்' என்று அட்டையில் அச்சடித்த 6500 கெல்வின் எல்.ஈ.டி. அதன் ஒளியில் நீலம் தூக்கலாக இருக்கும். மலிவான ரகங்களில் சிவப்பு குறைவாகவும் இருக்கும். மின்சாரம் மிச்சம் என்பது உண்மை, அதில் சண்டை இல்லை. ஆனால் முன்பு வெதுவெதுப்பைக் கொடுத்துவந்த விளக்கு வேலையை விட்டுவிட்டது. இனி அந்த வேலையைச் சுவர்தான் பார்க்க வேண்டும். வெளிர் சந்தனமோ, கோதுமை நிறமோ, மணல் நிறமோ அடிப்பது பயந்தாங்கொள்ளித்தனம் என்று நினைக்கும் இளைஞர் கூட்டம் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். ராத்திரி ஏழு மணிக்கு வெள்ளை எல்.ஈ.டி.க்குக் கீழே ஒரு மனிதரின் முகம் மனித முகமாகத் தெரிய வேண்டுமானால் பின்னால் இருக்கும் சுவரில் கொஞ்சம் மண் வேண்டும்.

இந்த இடத்தில்தான் சாம்பல் மோகம் அடிபடுகிறது. நீலச் சாயல் உள்ள சாம்பல் சுவர், அதன்மேல் 6500 கெல்வின் ஒளி. சேர்த்துப் பார்த்தால் ஆஸ்பத்திரி வராந்தா. படத்தில் அழகாக இருந்ததே என்றால், படத்தில் இருந்த அறைக்குள் மஞ்சள் விளக்குகள் நாலைந்து எரிந்துகொண்டிருந்தன. மரத் தரை இருந்தது. புகைப்படக்காரர் இருந்தார். பையன் அனுப்பியது இதில் சுவரை மட்டும்தான்.

படத்தோடு கூடவே இறக்குமதியாகும் இன்னொரு சரக்கு, திசை பற்றிய அறிவுரை. (வாஸ்து அல்ல, அது தனிக்கதை. வடகிழக்குக்கு இந்த நிறம், தென்மேற்குக்கு அந்த நிறம் என்று சொல்லும் பட்டியலில் விளக்கு என்ற சொல்லே கிடையாது என்பதை மட்டும் சொல்லிவிட்டு நகர்வோம்.) 'வடக்குப் பார்த்த அறையில் வெயிலே வராது, அங்கே ஒளி நீலமாக இருக்கும், தெற்குப் பார்த்த அறையில் நாள் முழுக்க வெயில்' என்று ஐரோப்பிய, அமெரிக்க அலங்காரப் புத்தகங்கள் சொல்லும். லண்டனுக்கு ரொம்பச் சரி. சென்னை இருப்பது 13 டிகிரி வடக்கில். ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் நடு வரை உச்சி வேளைச் சூரியன் சென்னைக்கு வடக்குப் பக்கம் இருக்கிறது. கத்திரி வெயிலில் வடக்குச் சுவர்தான் வெயில் வாங்கும், மார்கழியில் தெற்குச் சுவர் வாங்கும். கன்னியாகுமரிப் பக்கம் போனால் இந்த வடக்கு வெயில் இன்னும் அதிக நாள். வீட்டுச் சுவரில் வெயில் எந்த மாதம் எங்கே ஏறுகிறது என்று அந்தப் புத்தகம் எழுதியவருக்குத் தெரியாது. வடாம் காயப் போடுகிற அம்மாவுக்குத் தெரியும்.

ஷேடு கார்டு செய்யும் துரோகம் ஒன்று பாக்கி இருக்கிறது. கார்டில் அரை விரல் அகலத்தில் சாதுவாக இருந்த க்ரீம், நாலு சுவரிலும் ஏறியதும் மஞ்சள்தூள் கொட்டியதுபோல ஆகிவிடும். காரணம் எளிது. ஒரு சுவரில் பட்ட ஒளி எதிர்ச்சுவருக்குப் போகிறது, அங்கிருந்து திரும்பி வருகிறது. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் நீலத்தைச் சுவர் விழுங்கிவிடும், மஞ்சளைத் திருப்பி அனுப்பும். நாலு சுவர் சேர்ந்து ஒரு நிறத்தை இப்படிக் காய்ச்சிக் கெட்டியாக்கிவிடுகின்றன, பால் திரட்டுப்பால் ஆவதுபோல. அதனால் கார்டில் பார்க்கும்போது 'இது ரொம்ப வெளிறிப்போய் இருக்கே' என்று தோன்றுவதுதான் பெரும்பாலும் சுவருக்குச் சரியாக வரும். 'அட, இது நல்லா இருக்கே' என்று கார்டிலேயே கண்ணைப் பறித்தால் அது சுவருக்கு அதிகம். கூடவே, எமல்ஷன் ஈரத்தில் வெளிறித் தெரிந்து காய்ந்ததும் கொஞ்சம் அடர்த்தியாகும். சுண்ணாம்பு நேர்மாறு, ஈரத்தில் ஒன்றும் தெரியாது, காய்ந்தால்தான் வெள்ளை. முதல் கோட்டு அடிக்கும்போதே "போதும், இது வேண்டாம்" என்று பதறுவதும் தப்பு, "பரவாயில்ல, காஞ்சா வெளுத்துடும்" என்று மேஸ்திரி சொல்வதை நம்புவதும் தப்பு.

சரி, வெதுவெதுப்பான வெளிர் நிறம் என்று முடிவாகிவிட்டால் எல்லாம் முடிந்ததா? இல்லை. இந்தப் பக்கமும் ஒரு முட்டாள்தனம் உண்டு. சுவர் ஐவரி, தரையில் ஐவரி விட்ரிஃபைடு டைல்ஸ், ஸ்கர்ட்டிங்கும் ஐவரி, பாத்ரூம் வாசல்படியும் ஐவரி. 'மேட்சிங்' என்று இதற்குப் பெயர். வயதாக ஆகக் கண்ணின் வில்லை மஞ்சளடைகிறது, கண்புரையும் வரும். லேசான வேறுபாடுகள் கண்ணுக்குத் தட்டுப்படாது. அப்படிப்பட்ட கண்ணோடு ராத்திரி எழுந்து போகும் ஒரு தாத்தாவுக்குத் தரை எங்கே முடிகிறது, சுவர் எங்கே தொடங்குகிறது, படி எங்கே இருக்கிறது என்று எப்படித் தெரியும்? வெள்ளைச் சுவரில் வெள்ளை ஸ்விட்ச் போர்டைக் கையால் தடவித்தான் தேடுவார். இடுப்பெலும்பு முறிவு என்றால் என்னவென்று அனுபவித்த வீடுகளுக்குத் தெரியும். சுவர் சந்தனமாக இருக்கட்டும், ஸ்கர்ட்டிங்கும் நிலைக்கதவும் படி விளிம்பும் அழுத்தமான பழுப்பிலோ காவியிலோ இருக்கட்டும். பழைய வீடுகளில் சுவரின் அடியில் ஓர் அடி உயரத்துக்கு அழுத்தமான நிறத்தில் பட்டை ஓட்டியிருப்பார்கள். கால் படும் அழுக்கு தெரியாமல் இருக்கத்தான் அது என்று சொல்வார்கள். அழுக்கை மட்டுமா மறைத்தது? தரை எங்கே முடிகிறது என்பதையும் அதுதான் காட்டியது. அந்தப் பட்டையை எடுத்தது 'மாடர்ன்' ஆக்குகிறோம் என்று கிளம்பியவர்கள்.

"வெள்ளையே அடிச்சிடலாமே, அதுதான் வெளிச்சம், அதுதான் குளிர்ச்சி" என்பவர்களுக்கும் பதில் இருக்கிறது. வெயிலைத் திருப்பி அனுப்பும் குளிர்ச்சி வேண்டியது மொட்டை மாடிக்கும் வெளிச்சுவருக்கும். அங்கே வெள்ளையடிப்பது நல்ல காரியம். உள்ளே கணக்கு வேறு. விழும் ஒளியில் எவ்வளவு திரும்புகிறது என்பதற்கு 0 முதல் 100 வரை ஓர் அளவு வைத்திருக்கிறார்கள். நல்ல வெள்ளை 85க்குப் பக்கத்தில் வரும், வெளிர் க்ரீம்கள் 70க்கு மேலேயே நிற்கும். வாழ்வதற்கு அந்த வித்தியாசம் ஒரு பொருட்டே இல்லை. நடுத்தரச் சாம்பல் 50க்கும் கீழே இறங்கிவிடும், பிறகு பகலிலேயே லைட்டைப் போட வேண்டியதுதான்.

உழைப்பிலும் இந்த மண் நிறங்கள் மற்றவற்றுக்கு இளைத்தவை அல்ல. சந்தனம், மணல், பழுப்பு எல்லாவற்றுக்கும் அடிப்படை இரும்பு ஆக்சைடு. மஞ்சள் காவி, செங்காவி என்று பாட்டிமார் சொன்னது அதைத்தான். வெயிலுக்கும் சுண்ணாம்பின் காரத்துக்கும் அசையாதது. சித்தன்னவாசல் குகையில் சுமார் 9ஆம் நூற்றாண்டில் தீட்டிய ஓவியங்களில் சுண்ணாம்பு வெள்ளையும் கரியும் இந்தக் காவிகளும் இருக்கின்றன, இன்னும் கண்ணுக்குத் தெரிகின்றன. பளபளக்கும் மஞ்சளுக்கும் ஆரஞ்சுக்கும் ஒரு காலத்தில் ஈயம் கலந்த நிறமிகளை நிறையப் பயன்படுத்தினார்கள். வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று இந்தியாவில் 2016இல் விதி வந்து 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முன் எனாமல் அடித்த கதவு ஜன்னலைச் சுரண்டும்போது குழந்தைகளை வேறு வீட்டுக்கு அனுப்பிவிடுவது நல்லது. பெயிண்டிங் பட்ஜெட்டில் இந்த வரி இருப்பதே இல்லை.

வாடகை வீட்டுக்காரர்கள் இதையெல்லாம் படித்துவிட்டுப் பெருமூச்சு விடுவார்கள். ஓனர் எது மலிவோ அந்த டிஸ்டம்பரை அடித்துக் கொடுப்பார், ஆணி அடிக்கக் கூடாது என்பார். அவர்கள் கையில் இருப்பது விளக்கு. ஹாலில் ஒரு பல்பை மட்டும் 2700 அல்லது 3000 கெல்வினுக்கு மாற்றினால், ஓனர் அடித்த அதே சுவர் வேறு சுவராகிவிடும். காலி செய்யும்போது பல்பைக் கழற்றிக்கொண்டு போகலாம்.

சொந்த வீட்டுக்காரர்கள் என்ன செய்வது? ஜவுளிக்கடை வாசலில் அந்த அம்மா செய்ததைத்தான். ஷேடு கார்டில் பிடித்த நிறங்களை ஒரு வெள்ளைத்தாளின் மேல் வைத்துப் பார்த்தால், எது பச்சைக்குச் சாய்கிறது, எது ரோஸுக்குச் சாய்கிறது என்று உடனே தெரிந்துவிடும். அதில் தேறிய இரண்டு மூன்றில் ஒவ்வொரு சின்ன டப்பா வாங்கி, இரண்டடிக்கு இரண்டடி அட்டையில் இரண்டு கோட்டு அடித்துக் காயவிட வேண்டும். பழைய சுவரிலேயே நேராக அடித்துப் பார்த்தால் பக்கத்தில் இருக்கும் பழைய நிறம் ஏமாற்றும், ஷெவ்ரூல் சொன்ன கதைதான். அட்டையைக் காலை ஏழு மணிக்கு ஜன்னலுக்கு எதிரே, மதியம் சாப்பாட்டு மேஜைக்குப் பின்னால், ராத்திரி எட்டு மணிக்கு டிவிக்குப் பக்கத்தில் என்று சாய்த்து வைக்க வேண்டும். இரண்டு நாள். தீர்ப்புச் சொல்ல வேண்டியவர், அந்த அறையில் யார் அதிக நேரம் இருக்கிறாரோ அவர்.

மேஸ்திரி முணுமுணுப்பார். "ரெண்டு நாள் வேலை நிக்குமே சார்" என்பார். நிற்காது. அந்த இரண்டு நாளில் பழைய பெயிண்டைச் சுரண்டட்டும், விரிசலை அடைக்கட்டும், பட்டி பார்க்கட்டும், பிரைமர் அடிக்கட்டும். எப்படியும் செய்ய வேண்டிய வேலைகள்தான், எதற்கும் நிறம் தேவையில்லை. நிறம் முடிவான பிறகு, மொத்தத்தையும் ஒரே பேட்ச் எண்ணில் வாங்கச் சொல்லி, டப்பாக்களைப் பெரிய வாளியில் ஒன்றாகக் கலந்துகொள்ளச் சொல்ல வேண்டும். பாதிச் சுவரில் தீர்ந்துபோய், வெள்ளையில் கண்மதிப்பாக ஸ்டெய்னர் ஊற்றிக் கலக்கிய பெயிண்டால் மீதியை முடித்த வீடுகளில், அந்தக் கோடு அடுத்த பெயிண்டிங் வரைக்கும் காலண்டருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருக்கும்.